வீட்டுக் கடனும் வீட்டுச் சிக்கனமும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வீடு கட்டுகிறவன் பட்ட கஷ்டமெல்லாம் கட்டி முடியும் வரையில்தான். இக்காலத்திலோ கிருகப் பிரவேசம் நடந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பமாகிறது. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணம் உலர்வதற்குள் முதல் மாதத் தவணை வந்து நிற்கிறது. அதன் பின் இருபது வருஷம், இருநூற்று நாற்பது மாதம், அது தவறாமல் வந்துகொண்டேயிருக்கும். வாசற் கதவில் வீட்டுக்காரர் பெயர் பொறித்திருக்கிறது. தாய்ப் பத்திரமோ பாங்கின் பெட்டகத்தில் உறங்குகிறது.

இஃது அவரவர் சொந்த விவகாரமாயிற்றே, தலையங்கத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பொது வேலையில் ஈடுபட்டிருக்கும் அன்பர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் நடக்கும் அநீதியைக் கண்டு மனம் கொதிப்பவன், மகஜர் ஒன்றை நீட்டியதும் கையெழுத்திடாமல் பின்வாங்குகிறான். நல்லவன்தான், உணர்ச்சியுள்ளவன்தான். "ஸார், வீட்டுக் கடன் இருக்கிறதே!" என்கிறான். அவனைக் கோழையென்று நாம் ஏசுவதில் பயனில்லை. அவனுக்கு மேலதிகாரியிடம் பயமில்லை, மாதம் ஐந்தாம் தேதியிடம்தான் பயம். உத்தியோகம் போனால் வீடு போகும் என்ற அச்சத்தில் இருபது வருஷம் வாழ்கிறவன், தன் வாழ்நாளின் சிறந்த பாகத்தை வாயடைத்தே கழித்துவிடுகிறான். ஆதலின் கடனை விரைவில் தீர்ப்பது பணத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, மனிதன் நிமிர்ந்து நிற்பதைப் பற்றிய விஷயமுமாகும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 30 லட்சம் ரூபாய், நூற்றுக்கு எட்டரை வட்டியில், இருபது வருஷத் தவணைக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மாதந்தோறும் கட்டவேண்டிய தொகை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதம் அவர் கட்டும் இப்பணத்தில் வட்டிக்குப் போவது 21,250 ரூபாய். அசலில் கழிவது 4,785 ரூபாயே. முதல் வருஷம் முழுவதும் அவர் கட்டிய தொகை மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகம். ஆனால் அசலிலிருந்து குறைந்தது அறுபதாயிரம்கூட இல்லை. இருபது வருஷமும் இப்படியே கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 62 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதாவது ஒரு வீட்டுக்குக் கடன் வாங்கி, இரண்டு வீட்டின் விலையைக் கொடுக்கிறோம்.

இதில் பாங்கு மோசடி ஏதும் செய்யவில்லை. மீதியுள்ள அசலுக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் அசல் பெரிதாயிருப்பதால் வட்டியும் பெரிதாயிருக்கிறது. இந்த நியாயத்தையே நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள வழியுண்டு. எறும்பூரக் கல்லும் தேயும் என்பது கடன் என்னும் கல்லுக்கும் பொருந்தும்.

மேற்சொன்ன மனிதர் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம், மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடித்து, தவணையோடு சேர்த்து அசலுக்கென்று கட்டி வருகிறார் என்று கொள்வோம். வட்டி வீதம் மாறாதிருந்தால், 240 மாதத்தில் தீரவேண்டிய கடன் 187 மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. நாலரை வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவாக முன்னதாகவே அவர் விடுதலை பெறுகிறார். வட்டியில் மிச்சமாவது சுமார் 8 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். அவர் அதிகப்படியாகக் கட்டியதோ மொத்தம் ஐந்து லட்சத்து அறுபதினாயிரத்துக்குள்தான். நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்ற அற்பத் தொகை இவ்வளவு வேலை செய்யுமென்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

காலம் அறிந்து செய்வதிலும் சூட்சுமம் இருக்கிறது. அதே கடனில், முதல் வருஷ முடிவில் ஒரே தடவையாக ஒரு லட்சம் ரூபாய் அசலில் கட்டினால் பதினெட்டுத் தவணைகள் மறைந்துபோகின்றன. அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் வருஷ முடிவில் கட்டினால் ஆறு தவணைகூட முழுமையாகக் குறைவதில்லை. சம்பளம் உயர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், பையன் தலையெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக. கடனைக் குறைப்பதற்கு உகந்த காலம் கடன் புதிதாயிருக்கும் காலமே.

நிற்க. அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வரும்? சிக்கனம் என்ற பேச்சு எழுந்தவுடன் நமது குடும்பங்களில் முதலில் கை வைக்கப்படும் இடம் அடுக்களை. அரைக் கிலோ பருப்பு குறைகிறது, குழந்தையின் பாலில் தண்ணீர் கூடுகிறது, வீட்டுப் பெண்மக்களின் தட்டில் காய்கறி மறைகிறது. இது சிக்கனமன்று. ஒருவருடைய கடனை மற்றவருடைய உடம்பில் வசூலிப்பதாகும். மேலும், அங்கே குறைப்பதற்கு மிச்சமொன்றும் இருப்பதுமில்லை. நம் தாய்மார்கள் நெடுங்காலமாகவே சிக்கனத்தில் தேர்ந்தவர்கள். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது, கடுகு டப்பாவிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் வெளிவந்த பணத்தைக் கண்டு புருஷர்கள் திகைத்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே இந்த வேலை ஆண்மக்களிடமிருந்து தொடங்கவேண்டும். ஆபீஸுக்குப் போகும்போது ஒரு காப்பி, திரும்பும்போது வடையுடன் ஒரு காப்பி, நடுவில் புகை, கூப்பிடு தூரத்திலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிள். வீட்டில் சோறு இருக்கக் கைப்பேசியில் தருவிக்கும் பிரியாணி, அதற்குக் கொண்டு தரும் கூலி வேறு. பார்க்காத படங்களுக்கு மாதச் சந்தா, பழைய கைப்பேசி நன்றாயிருக்கப் புதியதற்குத் தவணை. இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். ஒரு மாதம் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் ஒன்று விடாமல் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நாம் சொல்லும் நூறு ரூபாய் அதில் எங்கோ ஒளிந்திருப்பதைப் பெரும்பாலோர் கண்டுகொள்வார்கள்.

கணக்கெழுதுவதைக் கருமித்தனமென்று நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். லண்டனில் சட்டம் படிக்கச் சென்ற மோகன்தாஸ் காந்தி என்னும் இளைஞர், தாம் செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வந்ததாகவும், வண்டிச் சத்தம் மிச்சமாகும்படி நடந்து செல்லத்தக்க தூரத்தில் அறை பிடித்ததாகவும், தம் காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டதாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தை நிர்வகித்தபோது அந்தப் பழக்கமே தமக்குக் கைகொடுத்தது என்பதும் அவர் கருத்து. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி கொடுக்காதே என்று சொல்லவில்லை. அளவு தெரிந்து கொடு என்றே சொல்கிறது.

மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. மிச்சம் பிடித்தது போகவேண்டிய இடத்துக்குப் போகவேண்டும். சம்பளம் வந்த அன்றே அந்த மூவாயிரத்தைக் கடன் கணக்கில் செலுத்திவிடுவது உத்தமம். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டலாமென்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. செலுத்தும்போது, இஃது அசலில் வரவு வைக்கவேண்டிய தொகை, அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமன்று என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். அசல் குறைந்ததன் பலனை, மாதத் தவணையைக் குறைத்தும் பெறலாம், வருஷங்களைக் குறைத்தும் பெறலாம். விரைவில் விடுபட விரும்புகிறவர் தவணைத் தொகையை அப்படியே வைத்து வருஷங்களைக் குறைக்கும்படி கேட்கவேண்டும். பிறகு புதிய தவணை அட்டவணையை வாங்கிச் சரிபார்க்கவேண்டும்.

இவ்விஷயத்தில் சட்டம் இப்போது கடன்காரன் பக்கம் ஓரளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். முன்னொரு காலத்தில் கடனை முன்கூட்டியே தீர்க்க வருகிறவனிடம் பாங்குகள் அபராதம் வாங்கின. கடனைத் திருப்பிக் கொடுப்பதற்குத் தண்டனை! மாறும் வட்டியில் தனி நபர்கள் வாங்கிய வீட்டுக் கடன்களுக்கு இத்தகைய அபராதம் கூடாதென்று 2012 ஜூன் மாதத்தில் ரிஸர்வ் பாங்கு உத்தரவிட்டது. மாறாத வட்டியில் வாங்கியவர்கள் மட்டும் தங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மாறும் வட்டியில் வேறோர் அபாயம் உண்டு. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிஸர்வ் பாங்கு தன் ரீப்போ வீதத்தை நாலு சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதத்துக்கு உயர்த்தியது. ஏழு சதவீதத்தில் இருபது வருஷத்துக்கு 30 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 23,259 ரூபாய். அந்த அசலுக்கு வட்டி ஒன்பதரையானால் ஒரு மாத வட்டி மட்டும் 23,750 ரூபாய். அதாவது தவணை முழுவதும் வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும்! அந்நாளில் பலருடைய தவணைத் தொகையை மாற்றாமல் வருஷங்களை நீட்டியபடியால், தங்கள் கடன் நீண்டுவிட்டது என்பதே அநேகருக்குத் தெரியாமற் போயிற்று. இதைக் கண்டு, 2023 ஆகஸ்டில் ரிஸர்வ் பாங்கு புதிய விதிகளை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் செய்வதா என்பதைக் கடன் வாங்கியவரே தேர்ந்துகொள்ள இடம் தரவேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியையோ முழுவதையோ தீர்க்கவும் இடம் தரவேண்டும். உரிமை வந்துவிட்டது, ஆனால் கேட்காதவனுக்கு எந்த உரிமையும் வீடு தேடி வருவதில்லை. வட்டி இறங்கும் காலத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். வீதம் குறைந்ததென்று தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய தொகையையே கட்டி வந்தால், வேறு சிக்கனம் ஏதுமின்றியே கடன் சுருங்கும்.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். கடன் இருந்தால் வருமான வரி மிச்சமாகிறது, ஏன் தீர்க்கவேண்டும் என்பார் சிலர். நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியை மிச்சம் பிடிக்கிறவன் எழுபது ரூபாயை இழக்கிறான் என்பது திண்ணைப் பள்ளிக்கூடக் கணக்கு. அன்றியும், தாம் குடியிருக்கும் வீட்டுக்கு அச்சலுகை பழைய வரி முறையில் வருஷத்துக்கு இரண்டு லட்சம் வட்டி வரையில்தான். நாம் மேலே எடுத்துக்கொண்ட கடனில் முதல் வருஷ வட்டியே இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய முறையிலோ, குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு இச்சலுகையே கிடையாது.

அந்தப் பணத்தை வேறிடத்தில் போட்டால் அதிக லாபம் வராதா என்பார் வேறு சிலர். வரலாம், வராமலும் போகலாம். எட்டரை வட்டிக் கடனைத் தீர்ப்பதென்பது எட்டரை வட்டியைச் சந்தேகமின்றி, வரியுமின்றிச் சம்பாதிப்பதற்குச் சமானம். பாங்கில் போடும் டெபாஸிட்டின் வட்டிக்கு வரி உண்டு. பங்குகளில் நீண்ட காலம் பொறுத்திருக்கும் திடசித்தமுள்ளவர்கள் ஒரு பகுதியை அங்கே வைப்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அதிக வட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அறிவை இழப்பவர்களுக்குச் சென்னையின் சரித்திரம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1906-இல் ஆர்பத்நட் கம்பெனி முறிந்தபோது, பெரிய துரைமார் கம்பெனியென்று நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த வேதனையிலிருந்து கிளம்பிய முயற்சியால்தான் 1907-இல் இந்தியன் பாங்கு தோன்றியது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் மாதம் பத்து வட்டி தருவதாகச் சொல்கிறவனிடம் வரிசையில் நிற்கும் ஜனங்களை இன்றும் காண்கிறோம். வட்டி ஆசை முதலுக்குக் கேடு.

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது. அதை நாமே எழுப்புகிறோம். கையிலுள்ளதையெல்லாம் கடனில் கொட்டிவிட்டு, நாளை வைத்தியச் செலவு வந்தால் என்ன செய்வது? பாங்கில் கட்டிய அசலை நினைத்தபோது திருப்பி எடுக்க முடியாது. ஆகையால் ஆறு மாதக் குடும்பச் செலவையும் தவணையையும் தனியாக வைத்துக்கொண்ட பிறகே முன்கூட்டிக் கட்டத் தொடங்கவேண்டும். குடும்பத் தலைவருடைய உயிருக்கும் அனைவருடைய வைத்தியத்துக்கும் காப்புறுதி இருக்கவேண்டும். கடன் அட்டை பாக்கி, நகைக் கடன், கைமாற்று முதலிய கொடிய வட்டிக் கடன்கள் இருந்தால் அவற்றை முதலில் ஒழிக்கவேண்டும். காலில் தைத்த முள்ளை எடுக்காமல் தலைவாருவதில் பயனில்லை. உபரிப் பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வட்டியைக் குறைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வசதியைச் சில பாங்குகள் தருகின்றன. அதற்கு வட்டி சற்று அதிகமாயிருக்கக்கூடும். விசாரித்துச் சேர்வது நன்று.

இந்த உபதேசமெல்லாம் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக்கூடியவருக்கே. சம்பளத்தில் பாதி தவணைக்கும் பாதி வயிற்றுக்கும் போய்விடுகிற குடும்பத்திடம் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசமாகும். நிலத்தின் விலை ஏறுகிற வேகத்தில் சம்பளம் ஏறாத தேசத்தில், வீடு வாங்கியவனுடைய காப்பிச் செலவு மட்டும் குற்றவாளியன்று. நிலத்தை வாங்கிப் பதுக்குவோரைக் கட்டுப்படுத்துவதும், ஏழைகளும் நடுத்தர வகுப்பாரும் வாங்கக்கூடிய விலையில் வீடு கிடைக்கச் செய்வதும் சர்க்காரின் கடமை. அதற்காகக் கிளர்ச்சி செய்வது நம் அன்பர்களின் கடமை. ஆயினும் சர்க்கார் திருந்தும் வரையில் வட்டி நின்று கொண்டிருப்பதில்லை. அது ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பாராமல் ஓடுகிறது. வெளியே கிளர்ச்சி, வீட்டிலே கணக்கு, இரண்டும் நடக்கட்டும்.

கடைசித் தவணை கட்டியவுடன் வேலை முடிந்ததென்று இருந்துவிடுவோரும் உண்டு. கடன் முழுதும் தீர்ந்து முப்பது நாளைக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், பாங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் அமுலுக்கு வந்த ரிஸர்வ் பாங்கு விதி. கொடுத்த பத்திரங்களின் ஜாபிதாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கவேண்டும். பாக்கியில்லை என்ற சான்று பெறவேண்டும். பதிவு செய்யப்பட்ட அடமானமாயின், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் ரத்துப் பத்திரம் பதிந்து, புதிய வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அடமானம் நீங்கியதா என்று நிச்சயம் செய்துகொள்ளவேண்டும். இதை அலட்சியம் செய்தால், பிற்காலத்தில் பிள்ளைகள் அலையவேண்டி வரும்.

நமது நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது மூன்று. உங்கள் கடன் கணக்கின் விவரத்தை இந்த வாரமே பாங்கிலிருந்து வாங்கி, இன்னும் எத்தனை மாதம் மீதியென்று பாருங்கள். அந்தக் காகிதத்தை மனைவியின் முன் விரித்து, கணக்கை இருவருமாகப் படியுங்கள். வீட்டை அடமானம் வைத்ததில் அவளுக்கும் பங்குண்டு. மீட்பதில் யோசனை சொல்லும் உரிமையும் உண்டு. மூன்றாவதாக, நீங்கள் சேர்ந்த சங்கத்திலும் வாசகசாலையிலும் இந்தக் கணக்கைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். தன் வட்டிக் கணக்கைத் தானே போடத் தெரிந்த ஜனங்களைச் சுலபத்தில் ஏமாற்ற முடியாது. நாட்டின் கணக்கையும் அவர்கள் ஒரு நாள் கேட்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்த மாலையில் அதை விளக்கின் முன் வைத்து வணங்கும் குடும்பங்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கின்றன. அந்த மாலை நாலு வருஷம் முன்னதாக வருவதற்கு நாளைய காலைக் காப்பியிலிருந்தே முயற்சி செய்யலாம் என்று வற்புறுத்துகிறோம்.